சிவப்புக் காரை ஓட்டியது யார்?

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கோபம் ஆறியதா என்று தெரியவில்லை, நானே எழுதுகிறேன். நான் வேலை செய்த பிரிட்டிஷ் அதிரடி நகைச்சுவைப் படம் வெள்ளிக்கிழமை நம் ஊருக்கு வருகிறது. கதாநாயகிக்குப் பதிலாகச் சிவப்புக் காரை ஓட்டுவது நான்தான். முகம் தெரியாது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். படம் முடிந்ததும் திரையில் கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை எழுந்திருக்காதீர்கள்.

"கார் உடைக்கிற வேலைக்கு என் பேரை இழுக்காதே" என்றீர்கள். இரண்டு வருடமாக அது காதிலேயே இருக்கிறது. ஆனாலும் மீறிவிட்டேன். திட்டுவதானால் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

உங்கள்
பிடிவாதக்காரி

மார்ச் 9

பிடிவாதக்காரிக்கு,

பார்த்தாயிற்று. இரண்டு தடவை.

முதலில் குறைகள். கதையைச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. வில்லன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு கால்மணி நேரம் பேசுகிறான். சுட வந்தானா, சொற்பொழிவாற்ற வந்தானா? இடைவேளைக்குப் பிறகு ஒரே இழுவை. ஆனால் படத்தில் வரும் அந்த உளவாளி ஒவ்வொருவனையும் அடிக்கும் முன் மன்னிப்புக் கேட்கிறானே, முகத்தில் சிரிப்பே இல்லாமல்! உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அப்புறம் சிவப்புக் கார் வந்தது. சந்துக்குள் ரிவர்ஸிலேயே ஓடி, படிக்கட்டில் இறங்கி, மீன் லாரிக்கும் சுவருக்கும் நடுவே புகுந்தது. கியர் மாற்றும்போது இடது தோளைத் தூக்குவாயே, அதே தோள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"உக்காருங்க, பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது" என்றாள் அம்மா.

"அது நம்ம பொண்ணுடி."

முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டியவன் சொல்கிறேன், அந்தத் திருப்பம் எனக்கு வராது. இருந்தாலும் முச்சந்தியில் கண்ணாடி பார்க்காமல் திரும்பினாய். அது தப்பு.

படம் முடிந்து கூட்டம் கலைந்தது. பெருக்க வந்தவர் பக்கத்தில் நின்று, "படம் முடிஞ்சிடுச்சு சார்" என்றார்.

"எங்க பொண்ணு இன்னும் வரலைங்க" என்றேன்.

அவரும் துடைப்பத்தோடு நின்று பார்த்தார். கடைசியில் வந்தாய், எறும்பு சைஸ் எழுத்தில். உன் பெயருக்கு முன்னால் என் இனிஷியல். அம்மா அழுதாள். எனக்கும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

அன்று அப்படிச் சொன்னது என் வாய்க்கொழுப்பு. மனதில் வைத்துக்கொள்ளாதே. அடுத்த படத்தில் வெறும் இனிஷியல் வேண்டாம், என் பெயரை முழுசாகவே போடு. முச்சந்தியில் கண்ணாடி பார்த்துத் திரும்பு.

உன்
அப்பா