அக்காவின் ஆம்ப் ஊமையான வாரம்

ஜூன் 9, திங்கள்

அக்காவின் கிட்டார் ஆம்ப், அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, ஊமையாகிவிட்டது. செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியது, ஆனால் வீட்டில் முதல் மரியாதை அதற்குத்தான். அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட், பகலில் தூங்குவார். அதனால் அக்கா எப்போதும் ஹெட்போன் மாட்டித்தான் வாசிப்பாள். வாங்கி ஒரு வருடமாகிறது, அதன் குரலை நான் கேட்டதே இல்லை.

இன்று அப்பா வெளியே போன நேரம் பார்த்து ஹெட்போனை உருவினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம்? ம்ஹூம்.

ஞாயிறன்று அவள் கல்லூரி இசைக்குழுவின் பாடகி எங்கள் வீட்டுக்கு வருகிறாள். அக்கா வாசிப்பது பிடித்தால் குழுவில் இடம். காதில் விழுந்தால்தானே பிடிக்கும்?

ஜூன் 10, செவ்வாய்

கிட்டார் கடைக்காரர் ஆம்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லையாம். "ஸ்பீக்கர் போயிருக்கும்மா. புதுசு வர ரெண்டு வாரம் ஆகும்."

"விடுடி, எனக்குக் குடுத்து வெச்சது அவ்ளோதான்" என்றாள் அக்கா.

அப்படியெல்லாம் விட முடியாது. நூலகத்திலிருந்து மின்னணுவியல் புத்தகம் எடுத்து வந்தேன். செங்கல் கனம். முன்னுரையே பிரமாதம்.

ஜூன் 11, புதன்

இரண்டு அத்தியாயம் முடித்தேன். "பரீட்சைக்கு இப்படிப் படிச்சிருந்தா..." என்று அம்மா ஆரம்பித்தாள். மீதி எனக்கே மனப்பாடம்.

ஜூன் 12, வியாழன்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆம்பின் முதுகைத் திறந்தேன். உள்ளே இருந்த பச்சை மின்சுற்றுப் பலகையைத் தொடவில்லை. பிளக்கைப் பிடுங்கினாலும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம் என்று புத்தகம் மிரட்டுகிறது. ஸ்பீக்கரின் இரண்டு வயர்களை மட்டும் உருவி, கடிகார பேட்டரியை ஒரு நொடி வைத்தேன். 'டப்'! வயர்களைத் திரும்பச் செருகி மூடினேன்.

ஆக, ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது. ஹெட்போனில் நன்றாகக் கேட்கிறது, ஆக ஆம்பும் உயிரோடு இருக்கிறது. இருவரும் சௌக்கியம், பேச்சுவார்த்தைதான் இல்லை. நடுவில் யார் கெடுப்பது?

ஜூன் 13, வெள்ளி

அக்காவுக்கும் அப்பாவுக்கும் சண்டை.

"ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் சத்தமா வாசிச்சுக்கறேன்பா."

"அப்ப நான் எங்க தூங்கறது, மொட்டை மாடியிலயா? ஹெட்போன் எதுக்கு இருக்கு?"

"வர்றவ தலையிலயும் ஒண்ண மாட்டி விடவா?"

கதவு படார். (இந்த வீட்டில் சத்தமே கூடாதாம்!)

ஹெட்போன் எதுக்கு இருக்கு — ஹெட்போன் — அட! புத்தகத்தைப் புரட்டினேன். ஆம்பில் ஹெட்போன் செருகும் துளைக்குள் ஒரு குட்டித் தகடு உண்டு. பின்னைச் செருகினால் தகடு விலகும், ஸ்பீக்கர் அடங்கும். பின்னை எடுத்தால் தகடு திரும்பி வந்து ஒட்ட வேண்டும். எங்கே, ஒரு வருடமாக யார் எடுத்தது? களிம்பேறியிருக்கும். ஹெட்போன் இன்னும் மாட்டியிருப்பதாகவே ஆம்ப் நினைத்துக்கொண்டிருக்கிறது, பாவம்!

ஜூன் 14, சனி

பிளக்கைப் பிடுங்கி, மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரேயைத் துளைக்குள் ஒரே ஒரு 'புஸ்'. பிறகு பின்னைச் செருகி உருவி, செருகி உருவி...

"அதுக்குப் பல்லு வெளக்கி விடறியா?" என்றாள் அக்கா.

காய்ந்த பிறகு ஸ்விட்சைப் போட்டோம். கரகர. அப்புறம் வீடே அதிர்ந்தது! வாரம் முழுக்கச் சத்தம் வருமா வருமா என்று திருகித் திருகிக் கடைசி வரை கொண்டுபோன வால்யூம் குமிழை, இரண்டு பேருமே திருப்பி வைக்கவில்லை.

அப்பா வாசலில். தலைமுடி நட்டுக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்பு. செத்தோம்.

"கொறைச்சு வை" என்றார். அக்கா குறைத்தாள். "இப்ப வாசி."

அக்கா வாசித்தாள். அப்பா நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"இதையாடி ஒரு வருஷமா காதுக்குள்ளயே ஒளிச்சு வெச்சிருந்த?"

அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

ஜூன் 15, ஞாயிறு

பாடகி இரண்டு பாட்டுக்கு இருந்துவிட்டுப் போவதாகச் சொல்லி வந்தவள், சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

ஜூன் 22, ஞாயிறு

குழு மொத்தமும் எங்கள் கூடத்தில். ஆம்ப் வாய் ஓயவில்லை. அப்பாவின் அறையை மெல்ல எட்டிப் பார்த்தேன். நல்ல குறட்டை. காதில் அக்காவின் ஹெட்போன், அதன் வயர் எதிலும் செருகாமல் கட்டிலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.