பச்சைப் பட்டை

தங்கச்சி,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை, விட்டுவிட்டேன்.

ஓட்டல் அறை அருமை. சுவரெல்லாம் கார்ட்டூன் கரடி. உன் பிள்ளைகளுக்குக் கட்டில், எனக்குச் சோபா. அதைக்கூட நான் குறை சொல்லவில்லை.

இந்தக் கேளிக்கைப் பூங்காவுக்கு வந்ததும் உங்கள் எல்லோர் கையிலும் நீல ரப்பர் பட்டை மாட்டினார்கள். எனக்கு மட்டும் பச்சை. நீலம் தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்த மடச்சி நான். இன்று ராட்டின வரிசையில் உங்களோடு நின்றபோது காவலாளி என் கையைப் பார்த்தான். "ஆயாவெல்லாம் வெளியிலதாம்மா நிக்கணும்" என்றான். பச்சை என்றால் பிள்ளை பார்க்கும் ஆயா, ஆயாவுக்கு டிக்கெட் கிடையாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் உன்னைப் பார்த்தேன். நீ தோள்பையை என்னிடம் நீட்டி, "கொஞ்சம் பிடிச்சுக்கோ, இதோ வந்துடறோம்" என்றாய். உன் வீட்டுக்காரர் தன் கண்ணாடியையும் கழற்றித் தந்தார்.

"குடும்பமா போறோம், நீயும் வாக்கா" என்று நீ கூப்பிட்டதை நம்பிப் புதுச் செருப்பு வாங்கினேனே, என்னைச் சொல்லணும்.

நீங்கள் நீச்சல் குளத்தில் இருக்கிறீர்கள். நான் கிளம்புகிறேன். பட்டை உன் தலையணைமேல் இருக்கிறது. இனி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவள் நீதானே, போட்டுக்கொள். நம் இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே வளையல் அளவு ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன் அக்கா.
அது காவலாளிக்குத் தெரிய வேண்டாம்.