உறவினர் தரப்பு

அக்கா,

இன்று காலை கூரியரில் ஒரு சாம்பிள் வந்தது. காலர் வைத்த பச்சை டி-ஷர்ட், கழுத்தோரம் சரக்கை வாங்குகிற பையர் போட்ட பிளாஸ்டிக் சீல், அட்டையில் கையெழுத்து. கவரைப் பிரித்ததும் புதுத் துணியின் வாசம். நல்லூரில் நம் பனியன் யூனிட்டில் இப்படி ஒன்று வந்தால் நேராக உன் செக்கிங் டேபிளுக்குத்தான் போகும். டேப்பைப் பிடித்து ஒவ்வோர் அளவாகப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல ஒருத்தரும் புத்தியக் காட்டாதீங்க" என்பாய். சீல் விழுந்த பிறகு பட்டனைக்கூட மாற்ற முடியாது. மாற்றினால் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும். இன்றைக்கு நானே பிரித்தேன், நானே மடித்து வைத்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

ஆண்டுக்கணக்கில் நன்றாக இருப்பாய். பிறகு திடீரென்று தூக்கம் போய், பேச்சு ஓயாமல், யாருக்கும் அடங்காமல் ஒரு வாரம். சாமளாபுரத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் மச்சானும் நானும் உன்னை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மயக்க மருந்து கொடுக்காமலே தலையில் கரண்ட் வைத்தார்கள். நான்கு பேர் உன்னைப் பிடித்துக்கொண்டோம். அதில் ஒருவன் நான். அதைப் பற்றி நீ ஒரே ஒரு முறைதான் பேசினாய். "உன்ற கை மட்டும் சூடா இருந்துச்சு தம்பி." அவ்வளவுதான். இன்னும் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மனநலத்துக்குப் புதுச் சட்டம் வந்தபோது அதை முதலில் படித்தவள் நீதான். அப்படிக் கரண்ட் வைக்கக் கூடாது என்று அதில் இருந்தது. தெளிவாக இருக்கிற நாளிலேயே எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று எழுதி வைக்கலாம், நமக்காகப் பேச ஓர் ஆளையும் குறிப்பிடலாம் என்றும் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டேபிளைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதினாய். "என்னைக் கட்டிப்போடக் கூடாது. கை கால் இறுகிப்போகிற அந்த ஊசி வேண்டாம்." ஊசியின் பெயரையும் எழுதியிருந்தாய். "நான் சொல்கிற நிலையில் இல்லை என்றால் என் தம்பியைக் கேளுங்கள்."

"ஒரு பனியனுக்குச் சீல் போட்டா அத்தன பேரும் பயப்படறீங்க. இது என்ற சீலு. காவலுக்கு நீ" என்று தாளை நீட்டினாய். அதை அரசு ஆபீசில் பதிவு செய்யப் போனால், படிவம் இன்னும் வரவில்லை என்றார்கள். வந்ததும் போகலாம் என்று திரும்பி வந்தோம்.

அதற்குள் அந்தக் கூட்டம் வந்துவிட்டது. மனநல டாக்டர்கள் நடத்திய விழிப்புணர்வு நடைப்பயணத்துக்கு நான் டி-ஷர்ட் தைத்துக் கொடுத்திருந்தேன். அந்தப் பழக்கத்தில், விதிகளைத் திருத்துவது பற்றிய ஆலோசனைக் கூட்டத்துக்குக் கோயம்புத்தூர் வரச் சொன்னார்கள். நோயாளிகளின் உறவினர் தரப்பில் நான். நீயும் வருகிறேன் என்றாய்.

"வேண்டாம்க்கா. நீ எதாச்சும் மனசு தாங்காமச் சொல்லிப்போட்டீன்னா காரியம் கெட்டுரும். நான் பாத்துக்கறேன்."

"எனக்கு வந்த சீக்கப் பத்தி எனக்குப் பேசத் தெரியாதாக்கும்?" என்றாய். சிரித்து மழுப்பிவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஓட்டல் ஹாலில் டாக்டர்கள், இரண்டு வக்கீல்கள், ஓர் அதிகாரி. வைத்தியம் பார்த்துக்கொண்டவர் ஒருவர்கூட இல்லை. அங்கே நடந்தது எனக்குப் புதிதும் இல்லை. எங்கள் பனியன் உற்பத்தியாளர் சங்கத்தில் வரிக்கும் சாயக் கழிவுக்கும் நாங்கள் செய்வதுதான். மனு கொண்டுபோகக் கூடாது. டைப் செய்த வாசகத்தைக் கொண்டுபோக வேண்டும். அதிகாரிக்கு எழுதுகிற வேலை மிச்சம், நம் வார்த்தை விதியாகிவிடும். டாக்டர்கள் அப்படித்தான் வந்திருந்தார்கள். இரண்டு வாசகம். மயக்க மருந்து டாக்டர் கிடைக்காத ஊர்களில் அது இல்லாமலே கரண்ட் வைக்க அனுமதி வேண்டும். அவசரம் என்று டாக்டர் எழுதிவிட்டால் நோயாளி எழுதி வைத்தது கட்டுப்படுத்தாது. அவசரம் என்று கேட்காமலே வைத்தியம் செய்யச் சட்டம் விடுகிற நாள் கணக்கையும் நீட்ட வேண்டும்.

"கத்தியத் தூக்கிட்டு நிக்கறவர் முன்னாடி நான் பேப்பர் படிச்சிட்டு நிக்க முடியுங்களா சார்?" என்று ஒரு டாக்டர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நீ கத்தியைத் தூக்கியவள் இல்லை. அதை நான் அங்கே சொல்லவில்லை. நான்கு பேர் பிடித்த அந்த நாள்தான் கண் முன்னால் நின்றது. டீ இடைவேளையில் அந்த டாக்டரை ஓரமாகக் கூட்டிப்போய், "மொதல்ல இருக்கறத எடுத்துருங்க, ரெண்டாவதுக்கு நான் குறுக்க வரலைங்க" என்றேன். கை கொடுத்தார். நல்ல வியாபாரம் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

உன்னிடம் அதைச் சொன்னபோது நீ தலையை நிமிர்த்தவில்லை. கையிலிருந்த பீஸில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டே கேட்டாய். "யாரக் கேட்டுக் குடுத்தே?"

"ஒண்ணக் குடுத்தாத்தானக்கா ஒண்ணு கெடைக்கும்."

"குடுத்தது உன்ற சரக்கில்ல சாமி."

அந்த வருடமே மறுபடியும் உனக்குத் தூக்கம் போனது. நான் ஜெர்மனியில் ஒரு கண்காட்சியில் இருந்தேன். உன் மகன் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில், எனக்குக் கை கொடுத்த அதே டாக்டர். தாளைக் காட்டியிருக்கிறான். "இது பதிவாகலீங்க தம்பி. எமர்ஜென்சி" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். எனக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்று அவன் சொல்லியும் ஆஸ்பத்திரியில் யாரும் போடவில்லை. கட்டிப்போட்டார்கள். நீ பெயர் எழுதி வேண்டாம் என்ற அதே ஊசி. விதி இன்னும் மாறக்கூட இல்லை அக்கா! அதற்குள் மாறிவிட்டது போலவே நடந்துகொண்டார்கள்.

நான் வந்து சேர்ந்தபோது உன் விரல்கள் மடங்கவில்லை. டேப்பைப் பிடிக்கப் பார்த்தாய், நழுவியது. நாலு மாதம் இருந்தாய். பிறகு இதயம் நின்றுவிட்டது. ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். இருக்கலாம், நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த நாலு மாதமும் "சாப்பிட்டயா"வைத் தாண்டி நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு எந்த டாக்டரும் காரணமில்லை.

போன வாரம் வரைவு விதியைக் கொடுத்து மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். கரண்ட் பற்றிய வாசகம் இல்லை; பேசியபடி எடுத்துவிட்டார்கள். இரண்டாவது அப்படியே இருந்தது. அதன் கீழே ஒரு குறிப்பு: "நோயாளிகளின் உறவினர் தரப்பும் இதனை ஏற்றுக்கொண்டது." எத்தனையோ குடும்பங்களின் சம்மதம் போல அது நின்றது. டம்ளர் டீயோடு தலையாட்டிய ஒருத்தன்தான் அந்தத் தரப்பு.

எழுந்து, அந்த வரியை எடுங்கள் என்றேன். அதே டாக்டர் சத்தம் போடாமல் கேட்டார். "சார், நீங்கதானுங்களே ஒத்துக்கிட்டீங்க?"

"ஆமாங்க. எங்கக்கா வர்றேன்னாங்க, நான்தான் வர வேண்டாம்னேன். அவங்க எழுதுன தாள நீங்களும் மதிக்கல, நானும் மதிக்கல. இதுல ஏதுங்க சம்மதம்?"

அதிகாரி, ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் கொடுங்கள் என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். "உறவினர் தரப்பு என்று குறிப்பிடப்படுபவன் நான் ஒருவன். கொடுக்க எனக்கு உரிமை இல்லாத ஒன்றைக் கொடுத்தேன். அந்தச் சம்மதம் செல்லாது. இனி நோயாளிகளைக் கூப்பிட்டுக் கேளுங்கள்; அவர்களுக்குப் பதிலாக என்னைக் கூப்பிடாதீர்கள்."

படித்துப் பார்த்த அதிகாரி, பரிசீலிக்கிறோம் என்றார். அந்த வரியை எடுப்பார்களோ மாட்டார்களோ தெரியவில்லை. எடுக்கிறவரை எழுதிக்கொண்டே இருப்பேன், அது எனக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் அவர்கள் எடுத்த பிறகும், உன்னைக் கேட்காமல் தலையாட்டியது நான்தான். அதை நான்தான் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

உன் தம்பி