பாத்திரம் கைமாறும் வரிசை

1931 ஜனவரி 20
மருமகள் ஜெபகுமாரியின் கழுத்தில் வெளுத்த திட்டு. கலியாணம் கழிந்து இரண்டு மாதமாகிறது. இன்றுதான் கண்ணில் பட்டது. முந்தானையை இழுத்து இழுத்து மூடுகிறாள். குஷ்டம் இல்லையென்றால் எதற்கு மூட வேண்டும்? கருங்கல் ஊரில் அவள் வீட்டார் தெரிந்தே மறைத்தார்களா? கான்வென்ட்டில் படித்தவள் நான். கண்ணால் பாராததை எழுதமாட்டேன்.

ஜனவரி 23
அடுப்படியையும் பிடிக்கப் பார்க்கிறாள். கஞ்சிப் பானையை இறக்கப் போனேன். எனக்கு இப்போதெல்லாம் துணிகூட வேண்டாம், கை பழகிவிட்டது. "வேண்டாம் மாமி, நான் எறக்குதேன்" என்று இடையில் புகுந்து பிடுங்கிக்கொண்டாள்.
அவளுக்குத் தனி டம்ளர் வைத்தேன். ஏனென்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

பிப்ரவரி 1, ஞாயிறு
கோயிலில் ராப்போஜனம். திராட்சரசப் பாத்திரம் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறி வரும். பெண்கள் பக்கம் முதலில் குடிப்பவள் நான் — உபதேசியாரின் விதவை. அவளைக் கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார வைத்தேன், அவளுக்குப் பின் யாரும் குடிக்காதபடி. என் பெஞ்சில் இருந்த ஞானபாய் காரணம் கேட்டாள். புதுப்பெண்ணுக்கு அடக்கம் வேண்டும் என்றேன்.

பிப்ரவரி 9
மத்தியானம் தூங்கினாள். குஷ்டத் திட்டு மரத்திருக்கும் என்பார்கள். லேஸ் பின்னும் குண்டூசியால் அந்தத் திட்டில் மெல்லக் குத்தினேன். துள்ளி எழுந்தாள். எறும்பு என்றேன்.
நடிப்போ? தூக்கத்தில் நடிக்க முடியுமா?

பிப்ரவரி 12
அவளைக் கருங்கலில் கொண்டுவிடு என்று மகன் இஸ்ரவேலிடம் சொல்லிவிட்டேன். "டாக்டர் பாத்துச் சொல்லட்டும்மா. அப்பொறம் நான் ஒண்ணும் பேசல்ல." பெற்ற பிள்ளைக்கே என் கண்ணில் நம்பிக்கை இல்லை.

பிப்ரவரி 16
மிஷன் ஆஸ்பத்திரி. அவள் கழுத்தில் இருப்பது வெறும் தேமலாம். அதற்கு வெட்கப்பட்டு மூடினாளாம். டாக்டர் குமாரதாஸ் இவ்வளவு சீக்கிரம் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு என் முழங்கையைக் காட்டி இது என்ன என்றார். படர்தாமரை — சிவந்து, வட்டமாய், விளிம்பு தடித்து; யாருக்கும் தெரியும். ஒரு வருடமாகச் சீமையகத்தி அரைத்துப் போடுகிறேன் என்றேன். அரிக்குமா என்றார். அரிக்காது, மருந்தின் குணம் என்றேன்.
கண்ணை மூடச் சொன்னார். அந்த இடத்தில் இறகு படும்போது சொல்ல வேண்டும். காத்திருந்தேன். எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்டேன்.
"மூணு தடவ தொட்டாச்சு, அம்மா."

பிப்ரவரி 17
குஷ்டம். எனக்கு.

பிப்ரவரி 20
அது பல வேஷம் போடுமாம். படர்தாமரை போலவும் வருமாம். வாரந்தோறும் மரவெட்டி எண்ணெய் ஊசி. தனிப் பாயும் தனிப் பாத்திரமும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கலாம் என்றார். அவள் டம்ளரை நானே எடுத்துக்கொண்டேன்.
அடுப்படியில் இருவரும் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். என்னை எங்கே கொண்டுவிடுவது என்றா?

மார்ச் 1, ஞாயிறு
கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஜெபகுமாரி வந்து எனக்கு முந்தின இடத்தில் உட்கார்ந்தாள். எனக்கு முன்னே குடித்துவிட வேண்டும் — நான் அவளுக்குச் செய்த கணக்குத்தானே.
குடித்தாள். என்னிடம் நீட்டியவள் பாத்திரத்தை விடவில்லை.
"ஒங்களுக்குப் பிடி நழுவும், மாமி" என்றாள் காதோரமாக. "சூடும் தெரியாதுல்லா. வந்த புதுசிலேயே பாத்துட்டேன்."
யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.
குடித்தேன். குனிந்தபோதுதான் பார்த்தேன், அவள் விரல்கள் என் விரல்களின் மேல் இருந்தன.