வாடிய சோளம்

குழுவில் கேட்டவர்களுக்கெல்லாம் உடனே பதில் சொல்லும் என் வீட்டுக்காரருக்கு,

செவலைப் பசு செத்துவிட்டது. கன்றுக்குப் புட்டியில் பால் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

மாட்டு டாக்டர் சத்தம் போட்டார். "மழையில்லாம வாடின சோளப்பயிர்ல விஷம் ஏறியிருக்கும்மா. யார் போடச் சொன்னது?"

"இன்டர்நெட்ல ஒருத்தர்" என்றேன்.

கோபப்படாதீர்கள். நான் கூப்பிட்டால்தான் நீங்கள் எடுப்பதில்லையே! அதனால் மாடு வளர்ப்போர் குழுவில் வேறு பெயரில் கேட்டேன். "தாராளமா போடுங்க சகோதரி, எங்க பண்ணையில அதான் போடுறோம்" என்று அடுத்த நிமிடமே எழுதினீர்கள். நீங்கள் வேலை பார்க்கும் பண்ணைப் பக்கம் நல்ல மழையாம். இங்கே நீங்கள் போனதிலிருந்து ஒரு தூறல்கூட இல்லை.

எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நம் கொட்டகைதான் என்று சொல்லியிருப்பேன்.

இப்படிக்கு,
நீங்கள் சகோதரி என்று அழைத்தவள்