கருவாடும் என் மூக்கும்

14-11-2007, புதன்

கனவில் ஏலத்தோட்டத்துக்குள் புகுந்த பன்றியை எட்டி உதைத்தேன். உதை வாங்கியது என் வீட்டுக்காரி. இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. இன்று தேனிக்கு டாக்டரிடம் போனோம். தூக்கத்தில் இப்படிக் கை கால் வீசுகிறவர்களில் சிலருக்குப் பல வருஷம் கழித்துக் கைநடுக்க நோய் வரலாமாம்.

"வாசனை தெரியுதா?" என்று கேட்டார்.

"முப்பது வருஷமா ஏலக்காய்க் கடையில கெடக்கேன் சார், மூக்கு மரத்துப்போச்சு" என்று சிரித்தேன். அந்த நோய் வருவதற்கு முன்னால் சிலருக்கு வாசனை போய்விடும் என்று சொல்லி, அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

வீட்டில் அவள் என் கண்ணைப் பொத்தி எதையோ மூக்கருகே நீட்டினாள். "வெறுங்கையத்தானே நீட்டுற?" என்றேன்.

"கருவாடுங்க! பூனையே வந்து நிக்குது, உங்களுக்குத் தெரியலையா?"

நடுவில் இரண்டு தலையணையைப் பன்றிக்கு வேலியாகப் போட்டுவிட்டு அவள் தூங்கிவிட்டாள். பேனா பிடித்த கை இன்னும் ஆடவில்லை. காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன் கடையைத் திறந்து, ஏலக்காயை முகர்ந்து பார்க்க வேண்டும்.