கோடு போட்ட ஐந்து டாலர்

டால்டன் கிரீக், டென்னசி
மார்ச் 4, 2016

அன்புள்ள டெல்பர்ட் அண்ணனுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய ஐந்து டாலர் தாளில், வழக்கம்போல அதில் அச்சடித்திருக்கும் "கடவுளை நம்புகிறோம்" என்ற வரியின் மேல் கறுப்புக் கோடு போட்டிருந்தாய் அல்லவா? அதன் மேல் வெள்ளை மை பூசி, காய்ந்ததும் அந்த வரியை நானே பேனாவால் எழுதிவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவளின் கையெழுத்து எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். மளிகைக் கடைப் பெண் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டாள். எனக்குப் பின்னால் நம் சபை ஆட்கள் நாலு பேர்.

"என்ன மிஸ் வெர்லீன், வீட்லயே நோட்டடிக்க ஆரம்பிச்சாச்சா?" என்றார் முதலாளி.

"அடிக்கிறவ அஞ்சையா அடிப்பேன்? நூறால்ல அடிப்பேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். முட்டையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஊர்ச் செய்தி ஒன்று. ஷெரிப்பின் கார்கள் எல்லாவற்றிலும் அதே வரியை ஒட்டிவிட்டார்கள். போன வாரம் வேகமாகப் போனதற்கு என்னை நிறுத்தினார்கள். "கடவுளை நம்புறீங்க, என்னை நம்ப மாட்டேங்கிறீங்களே தம்பி" என்று கேட்டேன். அபராதச் சீட்டு வந்தது, சிரிப்பு வரவில்லை.

ஈஸ்டருக்கு வாயேன். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பன்றித் தொடை வாங்கிச் சுட்டு வைக்கிறேன். உன் மேல் இப்போது யாருக்கும் கோபமில்லை.

உன் தங்கை,
வெர்லீன்


நாக்ஸ்வில்
மார்ச் 11

அன்புள்ள கள்ளநோட்டுக்காரிக்கு,

டயர் கடையில் தனியாக நின்று சிரித்ததால், முதலாளி எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் கடவுள் பெயரை அடித்தேன் என்று ஊர் நினைத்தது. நான் அடித்தது அரசாங்கத்தின் கையை. சாராயக் கடைக்கும் சீட்டாட்டத்துக்கும் போகிற தாளில் அவர் பெயரை அச்சடிக்கச் சொன்னது யார்? நம்பிக்கை என்றால் நானே வாய் திறந்து சொல்ல வேண்டும். நான் சொல்வதற்கு முன்பே வாஷிங்டனில் இருக்கிற ஒருத்தன் என் சட்டைப்பைக்குள் அதை எழுதி வைப்பானா? ஒரு காலத்தில் நம் பாப்டிஸ்ட் போதகர்களையே அரசாங்கம் ஜெயிலில் போட்டது. அதை நம் ஆட்களே மறந்துவிட்டார்கள்.

ஈஸ்டருக்கு வரமாட்டேன் வெர்லீன். அந்த ஊர்ப் பிள்ளைகளை இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்தில் ஏற்றி இறக்கினேன். ஒரே வாரத்தில் பதினோரு வீட்டார் என் வண்டியில் பிள்ளைகளை ஏற்றமாட்டோம் என்றார்கள். அவர்கள் மேல்கூட எனக்குக் கோபம் இல்லை. காட்டிக்கொடுத்த ஹாய்ட் மேல்தான். கோடு போட்ட தாள்கள் காணிக்கைத் தட்டில் விழுவது எல்லாருக்கும் தெரியும். போடுவது யார் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். நீ ஒருத்தி, வங்கி கவுண்டரில் உட்கார்ந்து என் கையிலிருந்து கோடு போட்ட தாளை வாங்கிய ஹாய்ட் ஒருவன். முப்பது வருஷம் என்னோடு ஒரே படகில் மீன்பிடித்தவன்! கிறிஸ்துமஸுக்கு அவன் அனுப்பிய அட்டையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினேன். அவன் மனைவியின் அடக்கத்துக்கும் போகவில்லை.

அன்புடன்,
டெல்பர்ட்


டால்டன் கிரீக்
மார்ச் 20

அண்ணா,

ஹாய்ட் இல்லை. நான்தான்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று சொல்வோமே. வெளியே சொல்ல முடியாததென்றால் "சொல்லாத விண்ணப்பம்" என்று மட்டும் சொன்னால் போதும், யாரும் நோண்டமாட்டார்கள். இரண்டு வருஷம் முன்பு ஒரு புதன்கிழமை, ஓப்பல் தன் இடுப்பு ஆபரேஷனைச் சொன்னாள். மேவிஸ் மருமகனின் புற்றுநோயைச் சொன்னாள், கூடம் முழுக்க அழுதது. என் முறை வந்ததும் "சொல்லாத விண்ணப்பம்" என்றுதான் நானும் எழுந்தேன்.

"வாராவாரம் இவளுக்குச் சொல்லாததுதான். கடைசில பார்த்தா பல்வலியா இருக்கும்" என்றாள் ஓப்பல். எல்லாரும் சிரித்தார்கள். நான் பிறரைக் கேலி செய்கிறவள் அண்ணா, எனக்கு வாங்கிப் பழக்கமில்லை.

"எங்க அண்ணன் டெல்பர்ட்டுக்காக ஜெபிங்க. நோட்டுல கோடு போடுறது அவன்தான்" என்றேன்.

சிரித்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். மேவிஸ் தன் மருமகனை மறந்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு நன்றாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உனக்கு வேலை போன அன்று ஆப்பிள் பை சுட்டு எடுத்து வந்தேன். "யாரு சொல்லியிருப்பா?" என்று கேட்டாய். நான் உனக்கு இன்னொரு துண்டு வெட்டி வைத்தேன். "ஹாய்ட்தான்" என்றாய். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஊரில் யாரும் உன்னோடு பேசவில்லை, நீயும் யாரோடும் பேசவில்லை. அதில் நான் தப்பித்தேன்.

வெர்லீன்


டால்டன் கிரீக்
ஏப்ரல் 10

அண்ணா,

திட்டியாவது எழுது. பன்றித் தொடையை ஒரு வாரம் நான் ஒருத்தியே தின்று தீர்த்தேன்.

ஹாய்ட் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். "தெரியுமே. அன்னைக்கு நான் கடைசி வரிசையில உக்காந்திருந்தேன்" என்றார்.

"அப்போ ஏன் அவன்கிட்ட சொல்லல? அட்டையைத் திருப்பி அனுப்பினானே!"

"அவனுக்கு இருக்கிறது ஒரே தங்கச்சி. மீன்பிடிக்க வேற ஆள் கெடைக்கும்" என்றார். வேறு ஆள் யாரும் கிடைத்தமாதிரி தெரியவில்லை. படகு கொட்டகையில் கவிழ்ந்து கிடக்கிறது.

வெர்லீன்


டால்டன் கிரீக்
மே 24

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் உறை வந்தது. கடிதமில்லை. ஐந்து டாலர் தாள் ஒன்று, கோட்டோடு. என் பிறந்தநாளுக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. இது திட்டா, மன்னிப்பா என்று நாலு நாள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோடு எப்போதும்போல ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருந்தது. எதுவானாலும் இதில் வெள்ளை மை பூசுவதில்லை, சாகும்வரை வைத்திருப்பது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தேன். தைரியத்துக்கு அந்தத் தாளை உள்ளங்கையில் மடித்து வைத்திருந்தேன். "ரெண்டு வருஷம் முந்தி எங்க அண்ணனுக்காக ஜெபிக்கச் சொன்னேன். அது ஜெபமில்ல, கோள். அவன் பொழப்பு போச்சு. நீங்களும் ஆமென் சொன்னீங்க" என்றேன். போதகர் தொண்டையைச் செருமினார். ஓப்பல் தன் செருப்பைப் பார்த்தாள். இந்த முறை என் கையை யாரும் பிடிக்கவில்லை.

உட்கார்ந்தேன். உடனே பாட்டு எடுத்தார்கள். காணிக்கைத் தட்டு வந்தது. நாற்பது வருஷப் பழக்கம், கையில் இருந்ததைப் போட்டுவிட்டேன்.

காணிக்கை எண்ணுகிற டீக்கனிடம் போய் அது தெரியாமல் விழுந்தது என்றேன். கர்த்தருக்குப் போட்டதைத் திருப்பித் தருகிற வழக்கமில்லை என்றார். திங்கட்கிழமை வங்கியில் கட்டிவிட்டார்கள். ஹாய்ட் எண்ணி, மற்ற தாள்களோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு உள்ளே வைத்துவிட்டார்.

உன் தங்கை,
வெர்லீன்